வேதாகமத்தில் வரும் அந்த விலங்கு எது? எபிரேயம் தெரியாதவர்கள் கண்டுபிடிக்கும் வழி

சங்கீதம் 92-இல் "என் கொம்பைக் காண்டாமிருகத்தின் கொம்பைப்போல உயர்த்துவீர்" என்று ஒரு வரி வருகிறது. அதை வைத்து எங்கள் வேதபாட வகுப்பில் அரை மணி நேரம் பேசினேன். காண்டாமிருகத்துக்கு ஒற்றைக் கொம்பு, தேவனும் ஒருவர் என்று பேச்சு நூல் பிடித்தாற்போல் போயிற்று. முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் உபாகமம் 33:17-ஐ விரித்துக் காட்டினார். "தம்பி, இங்கே ஒரே காண்டாமிருகத்துக்குக் கொம்புகள் என்று பன்மையில் இருக்கிறதே. எப்பிராயீம், மனாசே என்ற இரண்டு பேருக்கு உவமையாகவும் சொல்லியிருக்கிறதே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேட இரண்டு மாதம் ஆனது. நாலாயிரம் ரூபாய்க்கு மேல் வீணாகவும் செலவழித்தேன். இன்று அதே அளவு சிக்கலுள்ள ஒரு விலங்கை மூன்று மணி நேரத்தில் பார்த்து முடிக்கிறேன். இதற்கிடையில் நான் எபிரேயம் கற்றுவிடவில்லை, எதை எந்த வரிசையில் தேடுவது என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

வேண்டியவை ஐந்து. ஒன்று, வீட்டில் இருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. இரண்டு, வேறு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பு. 1995-இல் வந்த திருவிவிலியம் போதும். பக்கத்துக் கத்தோலிக்க வீட்டில் இரவல் கேட்டால் தருவார்கள். மூன்று, ஒவ்வொரு எபிரேயச் சொல்லுக்கும் எண் கொடுத்திருக்கும் மூலப்பாடம். நான்கு, மூலத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து. ஐந்து, ஒரு கோடு போட்ட நோட்டு.

மூன்றாவதும் நான்காவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்டெப் பைபிள், ப்ளூ லெட்டர் பைபிள் ஆகிய இரண்டு தளங்களில் வசனத்தைத் திறந்து சொல்லின்மேல் தொட்டால் எண், பொருள், அந்தச் சொல் வரும் மற்ற இடங்கள் எல்லாம் வந்து நிற்கும். யூத மரபு விளக்கங்கள் வேண்டுமானால் செஃபாரியா என்ற தளம் இருக்கிறது, அதுவும் இலவசம். ஆக, செலவு நோட்டுக்கும் இணைய இணைப்புக்கும் மட்டும்தான்.

என் நாலாயிரம் ரூபாய் எங்கே போனது என்றும் சொல்லிவிடுகிறேன். 1906-இல் முடிந்த பெரிய எபிரேய அகராதி ஒன்று உண்டு. அதைத் தொகுத்த மூவரின் பெயரால் பிரவுன்–டிரைவர்–பிரிக்ஸ் என்பார்கள். கனமான அட்டை போட்ட பதிப்பாக வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் தெரிந்தது, அதில் சொற்கள் அகரவரிசையில் இல்லை, வேர்ச்சொல் வரிசையில் இருக்கின்றன. வேரைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் சொல் கிடைக்கும். அது தெரிந்தவனுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த நூல் அது. மேலே சொன்னவை போன்ற தளங்களில் எண்ணைத் தொட்டாலே அதன் பதிவு திறக்கிறது. முதல் ஆறு மாதத்துக்கு எந்த அகராதியையும் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

1. விலங்கின் பெயரோடு வசன எண்ணையும் இரண்டு விதமாகக் குறியுங்கள் (பத்து நிமிடம்)

நாம் தேடப்போவது ஒரு வசனத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சொல். ஆகவே நோட்டின் முதல் வரியில் வசன எண் வர வேண்டும்.

இங்கேயே முதல் பொறி. தமிழ் வேதாகமத்தின் வசன எண்ணும் எபிரேய மூலத்தின் எண்ணும் பல இடங்களில் ஒத்துப்போகாது. நம் யோபு 41:1-இல் வரும் லிவியாதான் என்ற பெருவிலங்கு, எபிரேயத்தில் 40:25-இல் இருக்கிறது. யோனாவை விழுங்கிய மீன் நமக்கு 1:17, அங்கே 2:1. சங்கீதங்களில் தலைப்பு வரியையும் வசனமாக எண்ணுவதால் 22:21 அங்கே 22:22 ஆகிவிடும்; 92:10 அங்கே 92:11. இது தெரியாமல் ஒரு முழு மாலை, இல்லாத விலங்கை வேறொரு வசனத்தில் தேடிக்கொண்டிருந்தேன். தேடும் சொல் அகப்படவில்லை என்றால் ஒரு வசனம் முன்னும் பின்னும் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் மட்டும் கவலைப்படுங்கள்.

2. மூலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள் (அரை மணி நேரம்)

காண்டாமிருகம் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்லும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது "ரெஏம்". எண் 7214. இந்த எண்கள் 1890-இல் வெளிவந்த ஸ்ட்ராங் என்பவரின் சொல்லடைவிலிருந்து வந்தவை. ஆங்கில எழுத்துப்பெயர்ப்பை விடுத்து, ஒலியைக் கேட்டுத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தளங்களில் உச்சரிப்பு ஒலிக்கும் பொத்தான் இருக்கிறது. தமிழில் எழுதிய சொல்தான் மனத்தில் நிற்கிறது.

இதை ஏன் தவிர்க்கவே கூடாது என்பதற்கு ஒரே சொல் போதும்: "தன்னீன்". நம் பழைய மொழிபெயர்ப்பில் இது ஆதியாகமம் 1:21-இல் "மகா மச்சங்கள்". யாத்திராகமம் 7-இல் ஆரோனின் கோல் மாறியது "சர்ப்பம்". சங்கீதம் 74-இல் "வலுசர்ப்பங்கள்". தமிழை மட்டும் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு இவை எல்லாம் ஒரே சொல் என்று தெரிய வழியே இல்லை. ஆரோனின் கோல் வெறும் பாம்பாக மாறியதா, எகிப்தின் ராஜாவையே கேலி செய்யும் நீர்ப்பூதமாக மாறியதா என்ற கேள்வியும் அவருக்கு எழாது. அதற்கு முன்பு, யாத்திராகமம் 4-இல் மோசேயின் கோல் மாறியபோது அங்கே வரும் சொல் "நாகாஷ்", சாதாரணப் பாம்பு. தமிழில் இரண்டும் சர்ப்பம்தான்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. "தன்" என்றால் குள்ளநரி. அதன் பன்மை "தன்னிம்". தன்னீனுக்கும் தன்னிமுக்கும் கடைசி எழுத்துத்தான் வேறுபாடு. ஒன்று ன, மற்றது ம. பழங்காலத்திலேயே இவை குழம்பிவிட்டன. எசேக்கியேல் 29:3-இல் பார்வோனைத் திட்டும்போது எழுதியிருப்பது ம எழுத்து, ஆனால் நைல் நதியில் படுத்திருப்பது குள்ளநரியாக இருக்க முடியாது. நம் மொழிபெயர்ப்பும் "பெரிய முதலையே" என்கிறது. புலம்பல் 4:3-இல் எழுதியிருப்பது ன, ஆனால் அதை ம என்று வாசிக்கும்படி எபிரேயப் படியெடுப்போரே ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறார்கள். பழைய தமிழில் அங்கே திமிங்கலங்கள் பால் கொடுக்கின்றன. குள்ளநரி குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறது, என் ஜனமோ கொடூரமாகிவிட்டது என்பதுதான் பொருத்தமான வாசிப்பு.

ஏசாயா 43:20-இல் வனாந்தரத்தில் தண்ணீர் கண்டு மகிழ்பவை நம் வேதாகமத்தில் "வலுசர்ப்பங்கள்". மூலத்தில் குள்ளநரிகள். அந்த வசனத்தை வைத்து, வலுசர்ப்பம் என்றால் சாத்தான் என்று எடுத்துக்கொண்டு, "சாத்தான்கூட தேவனைக் கனம்பண்ணுவான்" என்ற பிரசங்கத்தை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். பாவம் நரிகள்.

பொறி: ஸ்ட்ராங் எண்ணை முழுதாக நம்பாதீர்கள். 8577 என்ற ஒரே எண்ணுக்குள் தன்னீனும் தன்னிமும் சேர்ந்தே கிடக்கின்றன. எண் ஒன்றாக இருப்பதால் விலங்கும் ஒன்று என்று ஆகிவிடாது. கடைசி எழுத்தைக் கண்ணால் பாருங்கள்.

3. அந்தச் சொல் வரும் எல்லா இடங்களையும் எழுதுங்கள் (ஒரு மணி நேரம், இதில் அவசரம் வேண்டாம்)

இதுதான் உண்மையான வேலை. மற்றவை எல்லாம் இதற்கு ஏவல்.

ரெஏம் பழைய ஏற்பாட்டில் ஒன்பது முறை வருகிறது: எண்ணாகமம் 23:22, 24:8, உபாகமம் 33:17, யோபு 39:9, 39:10, சங்கீதம் 22:21, 29:6, 92:10, ஏசாயா 34:7. நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த வரியில் "இங்கே விலங்கு என்ன செய்கிறது, யாரோடு நிற்கிறது" என்பதை மட்டும் எழுதுங்கள். உங்கள் விளக்கம் ஒரு சொல்கூட வேண்டாம்.

என் நோட்டில் விழுந்தவை இவை. எண்ணாகமத்தில் மிகுந்த பலம். உபாகமத்தில் தலையீற்றுக் காளைக்கு இணையாக வருகிறது, கொம்புகள் பன்மையில். சங்கீதம் 29-இல் லீபனோன் மலை கன்றுக்குட்டியைப்போலத் துள்ளுகிறது, சீரியோன் ரெஏம் குட்டியைப்போல. ஏசாயாவில் காளைகளோடு சேர்ந்து மடிகிறது. யோபுவில்தான் சாட்சி கெட்டியாகக் கிடைத்தது. இது உன்னிடத்தில் சேவிக்கச் சம்மதிக்குமா, உன் தொழுவத்தில் இராத்தங்குமா, கயிறு போட்டு இதை உழச் செய்ய முடியுமா, உன் தானியத்தை வீடு கொண்டுவந்து சேர்க்குமா என்று தேவன் யோபுவை வரிசையாகக் கேட்கிறார். அத்தனையும் மாடு செய்கிற வேலை. காண்டாமிருகத்தை ஏரில் பூட்ட முடியுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டால் அதில் சுவை இல்லை. மாட்டைப்போலவே இருந்தும் மாட்டின் வேலைக்கு வசப்படாத ஒன்றைக் காட்டினால்தான் அந்தக் கேள்வி குத்தும்.

ஒன்பது வரியும் எழுதி முடித்தபோது விலங்கு தானாக எழுந்து நின்றது. இரண்டு பெரிய கொம்புள்ள காட்டுக் காளை. பிறகு பார்த்தால் அறிஞர்களும் அதையே சொல்கிறார்கள். பழைய பாபிலோனில் வழங்கிய அக்காதிய மொழியில் இதன் உறவுச் சொல்லான "ரிமு" காட்டுக் காளையைக் குறிக்கிறது. பாபிலோனின் இஷ்டார் வாயிலில் அந்தக் காளை புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வீட்டு மாடுகளின் மூதாதையான அந்தப் பேருருக் காளையினம் கடைசியாகப் போலந்துக் காட்டில் 1627-இல் அற்றுப்போயிற்று. நாம் யாரும் பார்த்திராத விலங்கு. குழப்பம் வந்ததில் வியப்பில்லை.

தமிழில் இதை என்னவென்று சொல்வது? "காட்டெருமை" என்றால் நம் மக்கள் கண்ணுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சாலையை மறித்து நிற்கும் விலங்கு வந்துவிடும். அதுவும் வேறு விலங்குதான். நான் "காட்டுக் காளை" என்கிறேன், கேட்பவர் முகம் சுளித்தால் விளக்குகிறேன்.

4. பழைய மொழிபெயர்ப்புகளைச் சாட்சிக்கு அழையுங்கள் (அரை மணி நேரம்)

சாட்சிக்குத்தான், தீர்ப்புக்கு அல்ல. ரெஏம் ஒற்றைக் கொம்பனாக ஆனதே இங்கேதான். கிறிஸ்துவுக்கு முந்தைய செப்துவஜிந்து இதைப் பெரும்பாலும் "மோனோகெரோஸ்", அதாவது ஒற்றைக்கொம்பன் என்று பெயர்த்தது. ஜெரோமின் லத்தீன் வேதாகமத்தில் எண்ணாகமம், உபாகமம், யோபு ஆகியவற்றில் காண்டாமிருகம். சங்கீதத்திலும் ஏசாயாவிலும் ஒற்றைக்கொம்பன். 1611 ஆங்கிலப் பதிப்பு எல்லா இடத்திலும் ஒற்றைக்கொம்புக் குதிரைக்குரிய பெயரைப் போட்டது. உபாகமத்தில் ஒரு விலங்குக்குப் பல கொம்பு வந்து இடித்ததால், விலங்கையே பன்மையாக்கிவிட்டு, மூலத்தில் ஒருமை என்று ஓரத்தில் குறிப்பு எழுதிச் சமாளித்தது. நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் கற்பனை விலங்கைத் தவிர்த்து, இந்தியாவில் உண்மையாகவே உலவும் ஒற்றைக்கொம்பனைத் தேர்ந்தார்கள். தவறுதான், ஆனால் யோசித்துச் செய்த தவறு.

மொழிபெயர்ப்புகள் தங்களுக்குள் சண்டை போட்டால் மகிழுங்கள், அங்கே புதிர் இருக்கிறது. 1 இராஜாக்கள் 10:22-இல் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவரும் "துக்கியீம்" நல்ல உதாரணம். நம் மொழிபெயர்ப்பில் மயில்கள். லத்தீனிலும் மயில்கள். செப்துவஜிந்தின் வத்திக்கான் கையெழுத்துப்படியில் அந்த இடத்தில் விலங்கே இல்லை, செதுக்கிய கற்கள் இருக்கின்றன. இன்றைய ஆங்கிலப் பதிப்புகளில் சிலவற்றில் மயில், சிலவற்றில் ஒருவகைக் குரங்கு. மயில் என்போர் காட்டும் வேர் எது தெரியுமா? நம் "தோகை". கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் இதை எழுதியிருக்கிறார். குரங்கு என்போர் எகிப்தியச் சொல் ஒன்றைக் காட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் தமிழர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "வேதாகமத்தில் தமிழ்ச் சொல்" என்று மேடையில் முழங்கிவிட ஆசை வரும். எனக்கும் வந்தது. தோகை என்பது நல்ல ஊகம், பலர் ஏற்ற ஊகம், ஆனால் ஊகம். அந்தச் சொல் வருவதே இரண்டு இடத்தில், இரண்டும் ஒரே செய்தியின் இரு பிரதிகள். மூன்றாம் படியில் செய்ததுபோல் விலங்கின் நடத்தையை வைத்துச் சோதிக்க இங்கே வழியில்லை. முழங்குங்கள், ஆனால் "என்று கருதுகிறார்கள்" என்பதைச் சேர்த்து முழங்குங்கள்.

சும்மா ஒரு சுவைக்காக: லேவியராகமம் 11-இல் முயலைக் குறிக்க செப்துவஜிந்து, வழக்கமான கிரேக்கச் சொல்லான "லாகோஸ்" என்பதை விட்டுவிட்டு "மயிர்க்காலன்" என்ற பொருளுள்ள சொல்லைப் போடுகிறது. எகிப்தை ஆண்ட தாலமி வம்சத்தின் முதல்வனுடைய தகப்பன் பெயர் லாகோஸ். அசுத்த விலங்குப் பட்டியலில் ராஜாவின் பாட்டனாரைச் சேர்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? யூத ரபிமாரின் போதனைத் தொகுப்பான தல்மூதும் இதே கதையைக் கொஞ்சம் மாற்றி, ராஜாவின் மனைவி பெயர் என்று சொல்கிறது.

5. தமிழ்ப் பெயர் உங்களை ஏமாற்றுகிறதா என்று பாருங்கள் (கால் மணி நேரம்)

இந்தப் படி எந்த ஆங்கில நூலிலும் இருக்காது. நாமே செய்துகொள்ள வேண்டியது.

யோவேல் 1:4-இல் "வெட்டுக்கிளி விட்டதைப் பச்சைக்கிளி தின்றது" என்று படிக்கிறோம். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பிள்ளை சிவப்பு மூக்கோடு கிளியை வரைந்து கொண்டுவந்தது. நானும் நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தேன். மூலத்தில் நான்கு சொற்கள், நான்கும் வெட்டுக்கிளிக் குடும்பம். வகைகளா, ஒரே பூச்சியின் வளர்ச்சி நிலைகளா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1915-இல் பாலஸ்தீனத்தை வெட்டுக்கிளிகள் மொட்டையடித்தபோது எருசலேமில் இருந்தவர்கள் ஒவ்வொரு நிலையையும் நேரில் பார்த்துப் படமெடுத்திருக்கிறார்கள். எதுவானாலும் சோளக்கொல்லைக் கிளி இல்லை.

"குழிமுசல்" முயலும் இல்லை, குழியும் தோண்டாது. எபிரேயத்தில் "ஷாஃபான்". பாறை இடுக்கில் கூட்டமாக வாழும், குட்டைக் காதுள்ள சிறு விலங்கு. உயிரியல்படி யானைக்குத் தூரத்துச் சொந்தம். லேவியராகமம் 11 அதை அசைபோடும் விலங்கு என்றாலும் அது மெய்யாக அசைபோடுவதில்லை; தாடையை ஓயாமல் அசைப்பதால் அப்படித் தோன்றும். இந்தியாவில் இல்லாததால் தமிழில் பெயரும் இல்லை.

"தீக்குருவி" என்றால் நெருப்புக்கோழி. இது பழந்தமிழ்ச் சொல்லின் சிக்கல் மட்டும்தான். ஆனால் அதன் எபிரேயப் பெயருக்கு நெருங்கிய சொல் ஏசாயாவில் "கோட்டான்" ஆகியிருக்கிறது.

சில இடத்தில் தமிழ் நமக்கு உதவியும் செய்கிறது. ஆங்கிலத்தில் "நெஷெர்" என்ற பறவைக்கு எந்தப் பெயர் வைப்பது என்று பெரிய தகராறு: இரைபிடிக்கும் கழுகா, பிணந்தின்னிக் கழுகா? மீகா 1:16-இல் நெஷெரைப்போல மொட்டையாயிரு என்று வருவதால் தலையில் இறகில்லாத பிணந்தின்னியே அங்கே பொருந்தும். தமிழில் "கழுகு" என்ற சொல் இரண்டையும் அடக்குவதால் நம் வேதாகமம் தப்பித்துக்கொண்டது. சங்கீதம் 104:18-இன் "வரையாடு" இன்னும் அழகு. மூலத்தில் "யாஏல்", எங்கேதி மலைகளில் இன்றும் காணக்கூடிய கொம்பு வளைந்த காட்டாடு. நம் வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது, வேறு இனம். ஆனாலும் செங்குத்துப் பாறையில் நிற்கும் ஆடு என்ற படம் அப்படியே வந்துவிடுகிறது. இதைத் திருத்த நான் மெனக்கெடமாட்டேன்.

6. உறுதியின் அளவைக் குறியுங்கள் (ஐந்து நிமிடம்)

நோட்டில் நான்கு அடையாளம் வைத்திருக்கிறேன். உறுதி: சிங்கம், கரடி, ஒட்டகம். ஏறக்குறைய உறுதி: ரெஏம், ஷாஃபான், யாஏல். ஊகம்: துக்கியீம். தெரியாது: தஹஷ்.

கடைசியாகச் சொன்னது ஆசரிப்புக் கூடாரத்தின் மேல்மூடிக்கான தோல். வளைக்கரடி என்றார்கள், கடற்பசு என்றார்கள், விலங்கே அல்ல, தோலின் நிறம் என்று செப்துவஜிந்து நினைத்தது, இப்போது சில பதிப்புகள் "உறுதியான தோல்" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் மூலச்சொல்லையே எடுத்து "தகசுத்தோல்" என்று எழுதிவிட்டார்கள். சிறுவயதில் இது என்ன தோல் என்று எரிச்சலாக இருக்கும். இப்போது அந்த நேர்மைக்குத் தலைவணங்கத் தோன்றுகிறது.

இந்த நான்கில் அடங்காத ஒன்றும் உண்டு. லிவியாதான் முதலையா என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். யோபு 41-இல் அதன் வாயிலிருந்து தீப்பொறி பறக்கிறது. சங்கீதம் 74-இல் அதற்குத் தலைகள் பன்மையில். சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் கிடைத்த உகாரித்துக் களிமண் பலகைகளில் ஏழு தலையும் நெளியும் உடலும் கொண்ட கடல்பூதம் ஏறக்குறைய இதே பெயரில் வருகிறது. ஏசாயா 27:1-இன் அடைமொழிகள் அதோடு நெருக்கமாக ஒத்துப்போகின்றன. அக்காலத்துக் கேட்போர் கண்ட படம் அதுதான். அதை மிருகக்காட்சிசாலையில் தேடுவது வீண்.

7. இப்போதுதான் அடையாளப் பொருளுக்கு வாருங்கள் (நேரம் உங்கள் விருப்பம்)

நான் செய்த தவறு இந்த ஏழாம் படியை முதல் படியாக வைத்ததுதான்.

வேதாகமத்தில் ஒரு விலங்குக்கு ஒரே பொருள் என்ற அட்டவணை கிடையாது. யூதாவின் சிங்கம் என்று வெளிப்படுத்தல் 5:5 கிறிஸ்துவைச் சொல்கிறது. கெர்ச்சிக்கிற சிங்கம்போல் என்று 1 பேதுரு 5:8 பிசாசைச் சொல்கிறது. மோசே கம்பத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பு உயிர் காத்தது. அதே பாம்புக்கு ஜனங்கள் தூபங்காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அதை உடைத்துப்போட்டான். எபிரேயத்தில் பாம்பு நாகாஷ், வெண்கலம் நெகோஷெத், உடைபட்ட அந்தப் பாம்பின் பெயர் நெகுஸ்தான். மூன்றும் ஒலியில் விளையாடுவதைத் தமிழில் கொண்டுவர முடியவில்லை.

நம் ஊர்ப் பொருளை ஏற்றிவிடுவது பெரிய பொறி. ஏரோதை "அந்த நரி" என்று இயேசு சொல்கிறார், லூக்கா 13:32. நமக்கு நரி என்றால் தந்திரம். யூத ரபிமார் வழக்கில் சிங்கத்துக்கு எதிரில் நரியை வைத்தால் அற்பன் என்ற பொருளும் உண்டு. நரிகளுக்குத் தலையாவதைவிடச் சிங்கங்களுக்கு வாலாக இரு என்பது அவர்களுடைய முதுமொழி. ராஜா வேஷம் போட்டிருக்கும் அற்பன் என்ற வசை அந்தச் சொல்லுக்குள் இருக்கலாம். இரண்டையும் சொல்லுங்கள்.

கொம்பும் அப்படித்தான். "அவனுக்கென்ன கொம்பு முளைத்திருக்கிறதா" என்று நாம் கேட்டால் அது திமிர். சங்கீதக்காரன் என் கொம்பை உயர்த்துவீர் என்றால் அது தேவன் கொடுத்த பலம். ஆனால் சங்கீதம் 75-இல் கொம்பை உயர்த்தாதிருங்கள் என்று துன்மார்க்கருக்குச் சொல்லும்போது அவர்கள் கொம்பும் நம் கொம்பும் ஒன்றாகிவிடுகின்றன. நான் அரை மணி நேரம் பேசிய அந்த 92-ஆம் சங்கீதத்தில், ஒற்றை இரட்டை என்ற கணக்குக்கே இடமில்லை. யாராலும் அடக்க முடியாத காட்டுக் காளை தலை நிமிர்த்தி நிற்பதுதான் படம்.

ஆட்பெயர்களையும் பாருங்கள். தெபோராள் தேனீ, யோனா புறா, ராகேல் பெண்ணாடு. 2 இராஜாக்கள் 22-இல் கண்டெடுத்த நியாயப்பிரமாணப் புத்தகத்தைப் பற்றி விசாரிக்கப் போகும் கூட்டத்தில் ஷாஃபானும் அக்போரும் இருக்கிறார்கள், அவர்கள் போய்ப் பார்க்கும் தீர்க்கதரிசியின் பெயர் உல்தாள். முதலாமவர் குழிமுசல், அடுத்தவர் எலி, அந்த அம்மாள் கீரியைப் போன்ற ஒரு சிறு விலங்கு. இதில் ஆழ்ந்த பொருள் எதுவும் இல்லை. நம் ஊரில் நாகராஜனும் மயில்சாமியும் சேர்ந்து தாலுகா அலுவலகம் போவதுபோல.

8. புதிய ஏற்பாடு என்றால் கிரேக்கம் (ஒரு மணி நேரம் போதும்)

விலங்குகள் குறைவு, புதிர்களும் குறைவு. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். ஊசியின் காதில் ஒட்டகம் நுழையும் வசனத்துக்கு, எருசலேமில் "ஊசி வாசல்" என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் மண்டியிட்டு நுழையும் என்று ஒரு விளக்கம் பிரசங்கங்களில் சுற்றுகிறது. அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று இல்லை. ஒட்டகம் அல்ல, வடக்கயிறு என்பது இன்னொன்று: கமேலோஸ், கமிலோஸ் என்று கிரேக்கத்தில் ஓரெழுத்து வேறுபாடு. கயிறு என்ற பாடம் பிற்காலப் படிகள் சிலவற்றில்தான் வருகிறது. தல்மூதில் ஊசியின் காதில் யானை நுழைவதாக ஒரு பேச்சு உண்டு. நடக்காத காரியத்தைச் சொல்லத்தான் பெரிய விலங்கை நிறுத்துகிறார்கள். ஒட்டகம் ஒட்டகமாகவே இருக்கட்டும்.

9. எந்த விலங்கில் தொடங்குவது

நெஷெரில் தொடங்குங்கள். இடங்கள் போதுமான அளவு உண்டு, நடத்தை தெளிவாகத் தெரியும், தமிழும் ஒத்துழைக்கும், ஞாயிறு மதியம் உட்கார்ந்தால் இருட்டும் முன் முடித்துவிடலாம். அடுத்து ரெஏம்; ஒன்பது வசனமும் மேலேயே இருக்கிறது, என் முடிவை மறந்துவிட்டு நீங்களே எழுதிப் பாருங்கள். மூன்றாவதாகத் தன்னீனும் தன்னிமும். இதற்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும்.

லேவியராகமம் 11-இன் பறவைப் பட்டியல் பக்கம் முதல் ஆறு மாதம் போகாதீர்கள். அதில் பாதிப் பெயர்கள் உபாகமம் 14-இல் வரும் இதே பட்டியலைத் தவிர வேறு எங்கும் வருவதில்லை, ஒரே பெயர் பதினெட்டாம் வசனத்தில் பறவையாகவும் முப்பதாம் வசனத்தில் ஊரும் பிராணியாகவும் வருகிறது, கடைசியில் வௌவால் வேறு வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் அங்கே போய் மூன்று வாரம் ஆகிறது, இன்னும் நாலாவது பறவையில்தான் நிற்கிறேன்.